நாலு மணி ஜெபம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும் அக்காவைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. காதில் கழுத்தில் நகை கிடையாது, ஊர்வம்பு கிடையாது. தலையணை உறைக்குள் சிக்கி வந்த மோதிரத்தை மூச்சிரைக்க ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்தவள். ஒரே ஒரு பழக்கம். யாராவது மூக்கைச் சிந்தினால் போதும், "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்பாள். சொல்வதற்கென்ன, வாயா வலிக்கப்போகிறது?

ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த பெண் அதை அப்படியே நம்பிவிட்டாள்.

"எத்தனை மணிக்கு ஜெபிப்பீங்கக்கா?"

"நாலு மணிக்கும்மா. மூட்டுவலி உயிர் போகுது. இருந்தாலும் முழங்கால் போட்டுத்தான்."

நாலு மணிக்கு அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் அப்படித்தான். விரிப்பு மாற்றப் போகும்போதெல்லாம் அந்தப் பெண் கேட்பாள், "நேத்து ஜெபிச்சீங்களாக்கா?"

"பின்னே? ஜெபிக்காம இருப்பேனா?"

பதினொரு நாள், பதினொரு பொய். பன்னிரண்டாம் நாள் கட்டில் காலி. அவள் படுத்திருந்த விரிப்பு மூட்டையோடு மூட்டையாகச் சலவைக்கு வந்தது.

அன்றிலிருந்துதான் ஆரம்பித்தது. நாலு மணியானால் இஸ்திரிப்பெட்டியின் ஆவிக்கு நடுவே, முதுகுக்குப் பின்னால், "ஜெபிச்சீங்களாக்கா?" திரும்பினால் கொடியில் விரிப்புகள் மட்டும் தொங்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். இரவில் ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. இத்தனைக்கும் நடுவே ஓர் ஆறுதல், எந்த மருந்துக்கும் மசியாத மூட்டுவலி எப்படியோ விட்டுப் போயிருந்தது.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் கணவன் சலவைக்கூடத்துக்கே தேடி வந்தான். மணி நாலாகப் பத்து நிமிடம் இருந்தது.

"அவ கடைசி வரைக்கும் பயப்படலக்கா. நாலு மணியானா முகமே தெளிஞ்சிடும். அக்கா இப்ப முழங்கால்ல நிக்கிறாங்கன்னு சொல்வா. உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன்."

சும்மா தலையாட்டியிருந்தால் போதும். அவனும் நிம்மதியாகப் போயிருப்பான், இவள் பேரும் கெட்டிருக்காது. ஆனால் மணி நாலாகும் முன்பே பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. அக்கா இஸ்திரிப்பெட்டியை ஓரமாக வைத்தாள்.

"நான் ஜெபிக்கல தம்பி. ஒரு நாள்கூட இல்ல. அவகிட்ட பொய் சொன்னேன்."

அவன் முகம் செத்துப்போனது. அடித்தால்கூட வாங்கிக்கொள்வோம் என்று அவள் நின்றாள்.

"அவ ஜெபிச்சாக்கா" என்றான் கடைசியில். "நீங்க முழங்கால் போடற நேரத்துல வலிக்கக் கூடாதுன்னு, உங்க மூட்டுக்காக. தினமும் நாலு மணிக்கு. என்னையும் கூடக் கண்ணை மூடச் சொல்வா."

அவன் போய்விட்டான். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு. இந்தமுறை எந்தக் குரலும் கேட்கவில்லை. அக்கா ஈரத் தரையில் மெல்ல முழங்கால் போட்டாள்.

துளிகூட வலிக்கவில்லை. கொஞ்சமாவது வலிக்கக் கூடாதா ஆண்டவரே என்று அவள் வாய்விட்டு அழுதாள்.