வெளிச்சம் வருது

மனிதனின் உள்ளே பார்க்க வல்லவர்கள் உலகத்தில் இருவர்தான்: ஒருவர் ஆண்டவர், மற்றவர் ஹரல்ட். சொன்னவரும் ஹரல்ட்தான். ஆண்டவரிடம் அச்சிட்ட தாள் வராது என்பதையும் சேர்த்துக்கொள்வார்.

மட்டக்களப்பில் ஒரு கண் கிளினிக்குக்கு சுனாமி உதவியில் வந்த மெஷின் அவர் பொறுப்பில் இருந்தது. கருவிழியின் உட்புறம் அறுகோணக் கலங்கள் ஒரே படையாக ஒட்டிக் கிடக்கும். செத்தால் திரும்ப முளைக்காது. குறைந்தால் கருவிழி நீர் கோத்து வெளுத்துவிடும். மெஷின் பளீரென்று ஒரு வெளிச்சம் அடித்து, கலங்களை எண்ணித் தாளில் துப்பும்.

நேர்ஸ் மங்கையற்கரசி அதைத் தொடமாட்டார். கண்ணைப் பெருப்பித்துக் காட்டும் பழைய ஸ்லிட் லாம்பைச் சரித்து, கருவிழியில் பட்டுத் திரும்பும் மினுக்கத்துக்குள் பார்ப்பார். லாம்பின் வில்லையில் கீறிய குட்டிச் சதுரத்துக்குள் தெரியும் கலம் ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு பேனைப் புள்ளி. பத்தைத் தாண்டினால் கத்தி வைக்கலாம். விளக்கைப் போட முன் ஒவ்வொருவருக்கும் சொல்லுவார்: "வெளிச்சம் வருது."

"கோச்சி வருதெண்டு சொல்ற ஸ்டேஷன் மாஸ்டரும் உங்களிட்டக் கெட்டார் மிஸ்ஸி," என்பார் ஹரல்ட். "புள்ளி வைச்சா கோலம்தான் வரும்."

இரண்டாயிரத்து ஏழு தையில் கதிரவெளிச் சாமித்தம்பியைக் கொண்டு வந்தார்கள். இடது கண்ணைச் சுனாமியில் கூரைத் தகரம் எடுத்திருந்தது. வலது கண்ணுக்குள் ஷெல் துண்டு. மச்சான் இரண்டாகக் கிழிந்ததுதான் அந்தக் கண் கடைசியாகத் தெளிவாகப் பார்த்தது. துண்டை எடுக்க டொக்டர் ஒப்பரேஷன் தியேட்டரில் நின்றார். கலக் கணக்கு வேண்டும்.

"அண்ணன், நாடிய வையுங்க," என்று ஹரல்ட் மெஷினின் மோவாய்த் தாங்கியைக் காட்டினார்.

"சொல்லிப்போட்டு அடியும் ஹரல்ட்," என்றார் மங்கையற்கரசி.

"மெஷினுக்குக் கதைக்கத் தெரியாது மிஸ்ஸி."

பளீரென்று அடித்தார்.

"விழுந்து படுங்கடா!"

சாமித்தம்பி ஹரல்டின் கழுத்தைப் பிடித்து இழுத்து முகத்தைச் சீமெந்தில் மோதினார். மூக்கு உடைந்தது. உதைத்த உதையில் மேசை சரிந்து மெஷின் சிதறியது. பிரிக்கப் போன மங்கையற்கரசியின் வலது மணிக்கட்டு மடக்கென்று முறிந்தது. சாமித்தம்பி ஹரல்டின் மேல் கவிழ்ந்து படுத்து, இரத்தத்தோடு தலையை அமுக்கிப் பிடித்தார்.

"தலையத் தூக்காத மனே. அடுத்தது வரும்."

ஹரல்டின் உயிரை ஒருவர் காப்பாற்றியது அதுவே முதல் தடவை. நன்றி சொல்ல மூச்சு வரவில்லை.

அரை மணித்தியாலத்தால் சாமித்தம்பி சுவரோடு குந்தி, இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டிருந்தார். தியேட்டரில் இருந்து இரண்டாவது தரம் ஆள் வந்து கணக்கைக் கேட்டுப் போனது. மங்கையற்கரசி வீங்கிய வலது கையை மடியில் வைத்திருந்தார்; அது இனிப் பேனை பிடிக்காது.

மூக்கில் பஞ்சோடு ஹரல்ட் பழைய லாம்பை இழுத்து வைத்தார். மிஸ்ஸியின் பொக்கற்றில் இருந்த பேனையை எடுத்தார். கதவைச் சாத்தினார்.

"சாமித்தம்பியண்ணன்," என்றார் மெதுவாக. "வெளிச்சம் வருது."

சாமித்தம்பி நாடியை வைத்தார்.

எட்டு. ஒன்பது. பத்தாவது புள்ளியில் பஞ்சு ஊறி ஒரு துளி தாளில் விழுந்தது. அதைச் சேர்க்கவில்லை. பதின்மூன்றில் சதுரம் முடிந்தது.

மிஸ்ஸி எப்போதும் இரண்டு சதுரம் எண்ணுவார். ஹரல்ட் விளக்கை ஒள்ளுப்பம், ஒரு நூலளவு, நகர்த்தினார்.

"அண்ணன், திரும்பவும் வெளிச்சம் வருது."