பள்ளிக்கூடத்துக்கு மணி அடித்த ரயில்

“எம் பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்கிறதுக்குன்னே ரயில்வேக்காரன் தெனமும் ஒரு ரயிலை அனுப்பி வெச்சான்.”

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ராஜப்பன் இப்படிச் சொன்னதும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டமே சிரித்தது. அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. இப்போதைய தலைமையாசிரியை எழிலரசி அப்போதுதான் அந்த ஆண்டின் செலவை வாசித்து முடித்திருந்தார். தொடுதிரைப் பலகை, இணையக் கட்டணம், சுத்திகரித்த குடிநீர், நேரமானால் தானே அடிக்கும் மின்மணி. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். பொம்மிடித் தண்டவாளத்தை ஒட்டிய இதே கட்டடத்தில், ராஜப்பன் காலத்து ஆண்டு நிதி சாக்பீஸும் விளக்குமாறும் வாங்குவதற்குள் மூச்சை விட்டுவிடும். செலவு செய்தவருக்குத் தட்டுகிறார்கள், செலவே இல்லாமல் ஓட்டியவனை ஒருவரும் கேட்பதில்லை. இன்றைக்கு நம்பவைக்காமல் எழுந்திருப்பதில்லை என்று அவர் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மணி திருட்டுப் போன வருடம் புதிது வாங்க வழியில்லை. சாயங்காலப் பாசஞ்சர் கூவினால் பள்ளியை விட்டுவிடுவார். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் கட்டுப்பாடு போய்விடுமென்று, கையிலிருந்த ஓடாத வாட்சைப் பார்த்துவிட்டுத்தான் “போலாம்” என்பார். என்ஜின் டிரைவர் தனக்கு சலாம் வைத்த பிறகே கூவுவார் என்றும் கொசுறு சேர்த்தார்.

சிரித்தவர்கள் மெல்லத் தலையாட்டத் தொடங்கினார்கள். முன்னாள் மாணவராகக் குழுவில் இருந்த உரக்கடை முருகேஷ் மட்டும் அசையவில்லை.

“நானும் இங்கதான படிச்சேன் சார். வாட்சைப் பாத்துதான் வுட்டீங்க. ரயிலாம் ரயிலு.”

ராஜப்பனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒருநாள் மொரப்பூர்ப் பக்கம் மாடு அடிபட்டு ரயில் நின்றுவிட்டதாம். பொழுது சாய்ந்தும் அவர் பள்ளியை விடவில்லை. டார்ச் லைட்டோடு ஆயிரம் பெற்றோர் வந்தார்களாம், தர்மபுரியிலிருந்துகூட. அதுவரை பிள்ளைகளை அடக்கி உட்காரவைக்க ஒரு பையனை நிறுத்தி, பதிமூன்றாம் வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாராம்.

முருகேஷின் முகம் மாறியது. “எந்தப் பையன் சார்?”

“பேரு ஞாபகமில்லப்பா. தப்புத் தப்பாச் சொன்னான். எனக்கும் பொழுது போகணுமில்ல?”

முருகேஷ் எழிலரசியின் பக்கம் திரும்பினார்.

“நடந்ததுதாங்க மேடம். அந்தப் பையன் நாந்தான். எனக்கு வாய்ப்பாடு வராததாலதான் எல்லாரையும் இருட்டுற வரைக்கும் நிறுத்தி வெச்சாருன்னு, ஒரு மாசம் ஒருத்தனும் எங்கூடப் பேசல. எங்கப்பா வந்து என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு வூட்டுக்குப் போறப்ப, பாதி வழியில ஒரு ரயிலு கூவிக்கிட்டே எங்களத் தாண்டிப் போச்சுங்க.”