லம்ப்ரோனுக்கு ஒரு வாழ்த்து

எனக்குக் கிரேக்கம் தெரியாது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சுர்ரென்று கோபம் வரும். பல்கேரியாவில், பிளோவ்திவ் மாலைப் பள்ளியில் மூன்று வருடம் படித்து, தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியவள் நான். அந்தச் சான்றிதழைப் பெட்டியில் மேலாக வைத்துக்கொண்டுதான் கல்யாணமாகி சைப்ரஸுக்கு வந்தேன். லிமாசோலுக்கு மேலே மலைச்சரிவில் என் கணவரின் ஊர். வந்த இரண்டாம் மாதமே ஊராட்சி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை கிடைத்தது. ஊர்த் தலைவர் லொயிசோஸ் கண்ணாடி இல்லாமல் சான்றிதழை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்க யாருக்குமே தொண்ணூத்தாறு வராது, ருமியானா அம்மையாரே" என்றார்.

அந்த ஆகஸ்டில் ஒரு மத்தியானம் மணி அடித்தது. எடுத்தால் ஒரு கிழவரின் குரல், ஒரே கத்தல். அதில் எனக்குப் பிடிபட்டது ஒரு சொல்தான். "லம்ப்ரோன்! லம்ப்ரோன்!"

என் பாடநூலில் லம்ப்ரோன் என்றால் ஒளிமயமானது, அற்புதமானது. யாருக்கோ பேரன் பிறந்திருக்கிறான் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்ததிலேயே அழகான கிரேக்கத்தில், "மிக்க மகிழ்ச்சி ஐயா. தங்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

இந்தத் தீவில் லம்ப்ரோன் என்றால் தீ.

கத்தியவர் ஆடு மேய்க்கும் ஹாம்பி; எரிந்தது அவருடைய வைக்கோல் கொட்டகை. உயிர்ச்சேதம் இல்லை, அந்த மட்டும் பிழைத்தேன். ஆனால் மறுநாள் நான் ரொட்டி வாங்கப் போனபோது, காபிக்கடையில் சொக்கட்டான் ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில், "வாழ்த்துகள், அம்மையாரே!" என்றார்கள். பிறகு அதுவே என் பெயராகிவிட்டது.

கேலியைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர்கள் செய்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. ஏதென்ஸ்காரர்கள் பேசுவது போன்ற ஏட்டுக் கிரேக்கத்துக்கு இங்கே பேனாப் பேச்சு என்று ஒரு நக்கல். நான் வந்தால் போதும், சிரிப்பும் சண்டையுமாக ஓடிக்கொண்டிருந்த பேச்சு சட்டென்று பேனாப் பேச்சாக மாறிவிடும். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி, விருந்தாளிக்குச் சொல்வது மாதிரி. ஹாம்பி எல்லாரையும் மிஞ்சினார். வழியில் என்னைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றி, "அம்மையார் அவர்களே, தாங்கள் நலமா?" என்பார். அவருக்குத் தெரிந்த பேனாப் பேச்சே அவ்வளவுதான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். இடது பக்கம் ஏட்டுச் சொல், வலது பக்கம் ஊர்ச் சொல். பெண்கள் காபிக்கடைக்குள் உட்காரும் வழக்கம் இல்லை. நான் போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் ஒருவரும் வாயே திறக்கவில்லை. இரண்டாம் வாரம் லொயிசோஸால் பொறுக்க முடியவில்லை.

"எழுதிக்க அம்மையாரே. மாப்பா. ஏதென்ஸ்ல அது முட்டைக்கோசு. இங்க அது பந்து. முட்டைக்கோசை உதைச்சுத்தான் நாங்க கோல் போடுறோம்னு எழுதிக்க!"

எழுதிக்கொண்டேன். பத்து வருடத்தில் நான்கு நோட்டு நிரம்பியது. மதிலுக்கு மேலே தலையை நீட்டி ஒருவரையொருவர் திட்டும் பெண்களிடமிருந்து வசவுகளாகவே நாற்பது பக்கம் சேர்த்தேன். காய்கறிக்காரர், பாதிரியார், என் மாமியார், எல்லாரும் மெல்ல மெல்ல என்னிடம் ஊர்ப் பேச்சுக்கு வந்துவிட்டார்கள். ஹாம்பி மட்டும் வரவில்லை. "ஒரு கொட்டகை போனது போதும்" என்பாராம், எனக்குப் பின்னால்.

போன ஜூலையில் வடக்குச் சரிவில் காடு பற்றிக்கொண்டது. உதவிக்குக் கிரீஸிலிருந்து ஹெலிகாப்டரோடு ஒரு குழு வந்தது. அதன் அதிகாரி எங்கள் அலுவலகத்தில்தான் வரைபடத்தை விரித்து உட்கார்ந்திருந்தார். லொயிசோஸ் தண்ணீர் வண்டியோடு கீழே போயிருந்தார். நான் ரேடியோவில் வந்த செய்தியை எழுதிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அதிகாரியே எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். முகம் சுளித்தார்.

"யாரோ பெரியவர், 'அற்புதம், அற்புதம்'னு கத்துறார். பூதங்க வரைக்கும் வந்துடுச்சாம். நல்லா ஏத்திட்டிருக்கார்போல."

வைக்கப் போனார். நான் அவர் கையிலிருந்து பறித்தேன். கரோப் மரத்துக்கு இங்கே தெராச்சி என்று பெயர். தெராஸ் என்றால் ஏட்டுக் கிரேக்கத்தில் பூதம். பதற்றத்தில் யாருக்கும் பேனாப் பேச்சு வராது.

"யாரு? ஹாம்பியா?"

மறுமுனையில், "ஐயோ, நீயா! போச்சு. லொயிசோஸ்கிட்ட குடு!"

"அவர் இல்ல. லம்ப்ரோன் தெராச்சி மரத்தாண்ட வந்துடுச்சா, தாண்டிடுச்சா? அதைச் சொல்லுய்யா!"

ஊர்ப் பேச்சில்தான் கேட்டேன், நாக்கு எங்கேயும் தடுக்கவில்லை. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு மடை திறந்த மாதிரி கொட்டினார். தாண்டிவிட்டது. காற்று கீழிருந்து மேலே அடிக்கிறது. ஊற்றுக்குப் போகும் வழி போய்விட்டது. பட்டியில் ஆட்டோடு நிற்கிறார். அவர் சொல்லச் சொல்ல, நான் அதிகாரியைப் பார்த்துத் தொண்ணூற்றாறு மதிப்பெண் கிரேக்கத்தில் சொன்னேன்.

"போதையும் இல்ல, பூதமும் இல்ல. தீ கரோப் மரங்களைத் தாண்டியாச்சு. மேல ஒரு மனுஷன் மாட்டியிருக்கார். பட்டிக்கு மேல வட்டமா, கல் பாவின பழைய போரடிக்கும் களம் இருக்கு. உங்க விமானிக்கு வானத்துலேருந்து தெரியும். அவரை அங்க போகச் சொல்றேன், சுத்திலும் தண்ணி ஊத்தச் சொல்லுங்க."

அதிகாரி ரேடியோவைப் பிடித்தார். ஹாம்பியோ, "ஆட்டை விட்டுட்டு நகர மாட்டேன்" என்றார்.

அப்போதுதான் அந்த நாற்பது பக்கமும் கைகொடுத்தது. "யோவ் ஹாம்பி! கழுதைக்குப் பொறந்தவனே! பட்டிக் கதவைத் தொறந்து விடுய்யா. ஆட்டுக்கு உன்னைவிட மூளை இருக்கு, அது களத்துக்குத்தான் ஓடும். நீ அது பின்னாடி ஓடு. இல்ல, நானே மேல வந்து உன் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன்!"

கதவு கிறீச்சிடும் சத்தம், ஆட்டு மணிகளின் சத்தம், அப்புறம் தொடர்பு அறுந்தது. ரேடியோ பக்கத்தில் கால் மணி நேரம் காத்திருந்தேன். அவர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தது என்று அந்தக் கால் மணி நேரத்தில்தான் தெரிந்தது. கடைசியில் ரேடியோ கரகரத்தது. வட்டக் களத்தில் ஒரு ஆள், நிறைய ஆடுகள், எல்லாம் நனைந்துபோய் நிற்பதாக விமானி சொன்னார்.

சாயங்காலம் காபிக்கடையில் அதிகாரி என்னிடம், "அம்மா, நீங்க கிரேக்கம் எங்க படிச்சீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் லொயிசோஸ் முந்திக்கொண்டார். "எந்தக் கிரேக்கத்தைக் கேக்குறீங்க? எங்க ருமியானாகிட்ட ரெண்டு இருக்கு. உங்ககிட்டயும் எங்ககிட்டயும் ஒவ்வொண்ணுதான்."

தீயணைப்பு வண்டியிலிருந்து ஹாம்பி இறங்கினார். முகமெல்லாம் கரி, சட்டையெல்லாம் ஈரம். நேராக என் மேஜைக்கு வந்தார். தொப்பி மலையிலேயே போய்விட்டது. இருந்திருந்தாலும் கழற்றியிருக்க மாட்டார்.

"ஏ பொண்ணே" என்றார், சுத்தமான ஊர்ப் பேச்சில். "லம்ப்ரோன் அணைஞ்சுடுச்சு. அன்னிக்குச் சொன்னியே, அதை இப்ப சொல்லு."

சொக்கட்டான் காய்கள் அப்படியே நின்றன. நான் எழுந்து நின்று, பிளோவ்திவ் பள்ளியில் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பில், ஓர் எழுத்துகூடப் பிசகாமல் சொன்னேன்.

"மிக்க மகிழ்ச்சி ஐயா. தங்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள்."