டிரைவரில் ஒரு வெட்டி வரி

ஆபீஸில் அவளுக்குத் துடைப்பம் என்று பட்டப்பெயர். அடுத்தவர் எழுதிய புரோகிராமைக் கையில் கொடுத்தால், தேவையில்லாத வரிகளையெல்லாம் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் அவளுக்கு மறுவேலை. அந்தப் பெயரில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. குப்பையைக் குப்பை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? கடைசியில் அந்தப் பெருமைதான் அவள் தலையில் கல்லைப் போட்டது.

அவர்கள் செய்வது டயாலிசிஸ் மெஷின். அதற்குள் இரண்டு பிராசசர்கள். சின்னது பம்பை ஓட்டும், குழாயில் ஓடும் ரத்தத்தின் அழுத்தத்தை அளக்கும். பெரியது அதைத் திரையில் காட்டும். சின்னது தான் அளந்த எண்ணை இரண்டுக்கும் பொதுவான மெமரியில் வைத்துவிட்டு மணி அடிக்கும். மணி கேட்டதும் பெரியதன் கெர்னலுக்குள், அதாவது அதன் அடிப்படை மென்பொருளுக்குள், இருக்கிற டிரைவர் என்ற சின்ன புரோகிராம் போய் எண்ணை எடுத்துவரும். அந்த டிரைவர்தான் அவள் பொறுப்பு. முதலில் அதை எழுதியவன் அவளுடைய சொந்த அண்ணன், இப்போது டீமுக்கே தலைவன். இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்த புண்ணியவானும் அவனே.

அதில் ஒரு வரி இருந்தது. மணி அடித்ததும் 'வந்தது' என்று லாக்கில், அதாவது மெஷின் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், எழுதும். என்ன வந்தது, எங்கிருந்து வந்தது, ஒரு விவரமும் கிடையாது. பக்கத்தில் குறிப்பும் இல்லை. எப்போதோ சோதனைக்குப் போட்டுவிட்டு எடுக்க மறந்தது என்று எந்த எஞ்சினியரைக் கேட்டாலும் சொல்வார். அவளும் அப்படித்தான் நினைத்து எடுத்தாள். அவள் பெருக்கித் தள்ளிய வரிகளோடு வரியாக அதுவும் போனதை அண்ணன் கவனிக்கவில்லை. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுத்தான்.

புரோகிராமின் புதிய பதிப்பு ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. ஓர் ஆஸ்பத்திரியில் அழுத்தம் எகிறிக்கொண்டிருக்க, திரை மட்டும் பழைய எண்ணையே காட்டிக்கொண்டு சமர்த்தாக இருந்தது. குழாய் துள்ளுவதைக் கண்ணால் பார்த்த நர்ஸ் ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தினாள். நோயாளி பிழைத்தார். அந்த நர்ஸ் அந்த நேரம் வேறு பக்கம் திரும்பியிருந்தால் என்று நினைக்க நினைக்க ஆபீஸில் துடைப்பத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மெஷினை லேபுக்குக் கொண்டுவந்து பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வெட்டி வரியைத் திரும்பப் போட்டால் கோளாறு போய்விடுகிறது. எடுத்தால் வருகிறது. அப்போதுதான் விஷயம் உறைத்தது. சின்னது வைத்த எண் மெமரியில் போய் உட்காருவதற்குள் மணி முந்திக்கொள்கிறது. டிரைவர் ஓடிப்போய் அங்கே கிடக்கும் பழைய எண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது. லாக்கில் ஒரு சொல்லை எழுத ஆகும் நேரம்தான் இத்தனை காலமும் எண்ணுக்கு அவகாசம் கொடுத்திருக்கிறது. சரியான வைத்தியம் செய்ய வேண்டியது சின்னதில். எண் போய்ச் சேர்ந்த பிறகுதான் மணி என்று ஒரு கட்டளை, அவ்வளவுதான்.

அண்ணனின் அறைக்குப் போனாள்.

"அண்ணா, அந்த வரிய தெரிஞ்சுதானே வச்ச?"

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். "சின்னதுக்கு அப்பவே சர்டிஃபிகேட் வாங்கியாச்சு பாப்பா. அதுல ஒரு எழுத்த மாத்தினாக்கூட எல்லா டெஸ்டும் மொதல்லேருந்து பண்ணணும். டைரக்டர் குதிப்பாரு. இந்தப் பக்கம் ஒரு வரி போட்டுப் பார்த்தேன், கோளாறு நின்னுடுச்சு."

"ஏன் போட்டேன்னு ஒரு குறிப்பு எழுதியிருக்கக் கூடாதா?"

"எழுதினா சர்டிஃபிகேட் தர்ற ஆடிட்டர் படிப்பாரே."

அவளுக்கு அவனை அடிக்கலாம் போல இருந்தது. "இத அப்படியே மீட்டிங்ல சொல்லிடு. நான் வேற ஒண்ணும் கேக்கல. சின்னதுல சரி பண்ணாம இது தீராது."

"சொல்றேன், சொல்றேன். உன்ன விட்டுக் குடுத்துடுவேனா?"

கூடப்பிறந்தவன் வாக்கை நம்பாமல் வேறு யார் வாக்கை நம்புவது? நம்பினாள்.

மீட்டிங்கில் டைரக்டர் சுற்றி வளைக்கவில்லை. "யாரு எடுத்தது?"

"நான்தான் சார். ஆனா அது அங்க ஏன் இருந்ததுன்னா..." என்று அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் மேஜையைப் பார்த்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எடுத்துட்டா சார். ஆர்வக்கோளாறு. என் முகத்துக்காக இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், கூடவே பந்தி பரிமாறிய பேரையும் வாங்கிக்கொண்டான்.

"சார், அந்த வரியே தப்ப மறைக்கப் போட்டதுதான். சின்ன பிராசசர்ல..."

டைரக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "வரி இருந்தப்ப ஓடுச்சா, இல்லையா?"

"ஓடுச்சு, ஆனா..."

"அப்ப திரும்பப் போடுங்க."

ஏன், எப்படி என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே தெரிந்தது, அவருக்கும் இது புதுச் செய்தி இல்லை என்று.

வரியைத் திரும்பப் போட்டாள். அதன் மேலே ஒரு குறிப்பும் எழுதினாள்: 'எண் வந்து சேருமுன் மணி அடிக்கிறது. அதை மறைக்கவே இந்த வரி. பிழை சின்ன பிராசசரில் இன்னும் சரிசெய்யப்படாமல் இருக்கிறது.' ஒப்புதல் தர வேண்டியவன் அண்ணன். குறிப்பை அழித்துவிட்டு வரிக்கு மட்டும் ஒப்புதல் கொடுத்தான். அப்படியே மெஷின்களுக்குப் போனது.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அம்மா போனில் கூப்பிட்டாள். அம்மா இருப்பது அண்ணன் வீட்டில்.

"உன் வேலையே போக இருந்துச்சாமே? அண்ணன்தான் கையக் கால பிடிச்சுக் காப்பாத்தினானாம்?"

"அப்படியா சொன்னான்?"

"பின்ன? ஊருக்கெல்லாம் தேங்க்ஸ் சொல்ற, அவனுக்கு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவ? இந்தா, பக்கத்துலதான் இருக்கான்."

போன் கை மாறியது.

"சொல்லு பாப்பா."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தக் குறிப்ப நாளைக்குத் திரும்ப எழுதுவேன். நீ அழிச்சா மறுநாளும் எழுதுவேன். அந்தத் திரைய நம்பித்தான் அங்க ஒவ்வொருத்தரும் படுத்திருக்காங்க அண்ணா. நான் உன்ன நம்பின மாதிரி."

அந்தப் பக்கம் அவன் குரல், அறை முழுக்கக் கேட்கும்படி கலகலவென்று எழுந்தது.

"சே சே, தேங்க்ஸ் எல்லாம் எதுக்கு பாப்பா, நமக்குள்ள!"

"சொல்லிட்டாளா?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்டாள், நிம்மதியாக.