பத்தொன்பது வருடத் தேர்வு

ஒடிலியா பார்ரகான் வாணவேடிக்கை உரிம அட்டைக்காகக் கொடுத்த செய்முறைத் தேர்வு ஒரு நவம்பர் பன்னிரண்டாம் தேதி மாலை நாலரை மணிக்குத் தொடங்கியது. பத்தொன்பது வருடம் ஆகிறது, இன்னும் முடியவில்லை. காரணம், அன்று அவள் மேலே ஏற்றிய கிரீடம் கீழே இறங்கவில்லை. எங்கள் ஊரில் திருவிழாவுக்குப் பதினைந்து ஆள் உயரத்தில் மரக் கோபுரம் கட்டி, அதில் சக்கரம் சக்கரமாக வெடிமருந்துக் குழாய்களைப் பொருத்துவோம். உச்சியில் ஒரு நாணல் வளையம் இருக்கும், அதுதான் கிரீடம். சக்கரமெல்லாம் சுற்றி ஓய்ந்த பிறகு கிரீடம் சுழன்று கழன்று வானத்தில் ஏறும், மருந்து தீர்ந்ததும் யாராவது ஒருவரின் சோளக்காட்டில் போய் விழும். ஒடிலியாவின் கிரீடம் கோயில் மணிக்கூண்டு உயரத்துக்கு ஏறி, அங்கேயே நின்று, பச்சையும் பொன்னுமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் கொஞ்சம் சீறும். மற்றபடி தொந்தரவு இல்லை.

எங்கள் ஊரான சான் தியோனிசியோவில் பாதிரியாரையும் பால்காரரையும் தவிர எல்லாரும் வெடி கட்டுகிறவர்கள். இங்கே இரண்டு பேர் சந்தித்தால் சௌக்கியம் விசாரிப்பதில்லை, "எத்தனை இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். விரல்களைப் பற்றிய கேள்வி அது. ஒடிலியாவுக்குப் பத்தும் இருந்தது. நாற்பத்தோராவது வயதில் அவளுடைய உலர்த்தும் கொட்டகை வெடித்து, கூரை மூன்று தெரு தள்ளி விழுந்தபோது, அவள் புருவம் மட்டும் கருகி வெளியே நடந்து வந்தாள். விரல்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, அங்கேயே மண்டியிட்டு, வெடிக்காரர்களின் காவலரான புனித இறை யோவானுக்கு நேர்ந்துகொண்டாள்: வரும் மார்ச் எட்டாம் தேதி அவர் திருவிழாவுக்கு ஒரு கோபுரம் கட்டி, இந்தப் பத்து விரலால் தானே பற்றவைப்பதாக. இரண்டு வாரம் கழித்துப் புது விதி வந்தது. பயிற்சி பெற்று, தேர்வில் தேறி, அட்டை வாங்கியவர் மட்டுமே இனிமேல் பொதுவில் வாணவேடிக்கை பற்றவைக்கலாம். இந்த விதி புனிதருக்குத் தெரியுமா என்று யாரும் விசாரிக்கவில்லை.

பயிற்சி கூடைப்பந்து மைதானத்தில் நான்கு நாள் நடந்தது. தலைநகரிலிருந்து வந்த எஞ்சினியர் எவரிஸ்தோ கின்தானார், இஸ்திரி போட்ட சட்டைக்காரர், வெடிமருந்து தீப்பிடிக்கும் தன்மையுள்ளது என்று படம் போட்டு விளக்கினார். கூரை பறக்கப் பார்த்த முப்பத்திரண்டு பேர் அதை மரியாதையாகக் குறித்துக்கொண்டார்கள். பருத்தி உடுப்புதான் போட வேண்டும், குழாய்மேல் குனியக் கூடாது, வெடிக்காத குண்டை அரைமணி நேரம் கழித்தே நெருங்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்துத் தேர்வில் எல்லாரும் 'முதலில் ஜெபம், பிறகு அரைமணி' என்று எழுதினார்கள். எஞ்சினியர் ஜெபத்துக்கு அரை மதிப்பெண் குறைத்தார்.

ஒடிலியாவின் பெரியப்பா மகன் ரெமிகியோ பக்கத்து ஊரில் நடந்த முதல் பயிற்சியிலேயே அட்டை வாங்கிவிட்டவன். குளிக்கும்போதும் அதைக் கழுத்தில் மாட்டியிருப்பான் என்று அவன் மனைவியே சொல்லியிருக்கிறாள். ஒடிலியா தேறாவிட்டால் திருவிழாக் கோபுரத்தைப் பற்றவைக்கும் உரிமை அவனுக்குத்தான்.

"கவலப்படாத தங்கச்சி. கட்டுறது நீ, பத்தவைக்கிறது நான். புனிதருக்கு நெருப்புதான வேணும், யாரு கைன்னா பாக்கப் போறாரு?"

"ஏழு வெரல எண்ணினா அவருக்குத் தெரிஞ்சுடாதாண்ணே?" என்றாள் ஒடிலியா.

செய்முறைத் தேர்வு ஊருக்கு வெளியே தரிசில், எண்பது மீட்டர் அகலத்துக்குக் கயிறு கட்டிய வட்டத்தில் நடந்தது. ஒரு சக்கரம், மூன்று குண்டு, ஒரு கிரீடம். ஒடிலியாவின் முறை கடைசி. இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கிரீடம் உச்சியைத் தொட்டதும் கீழே நிற்பவர்கள் வாயில் விரல் வைத்து விசிலடித்து அதைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். கூப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கூப்பிடாமல் இருந்ததே இல்லை. அன்று மற்றவர்கள் முறையில் எழுந்த விசிலில் குண்டுகளைக் காதால் எண்ண முடியாமல் போனதால், ஒடிலியாவின் முறைக்கு மட்டும் கின்தானார், ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் உத்தரவு போட்டிருந்தார். ஊர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டது. அப்படி நடந்ததும் எங்களுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. கிரீடம் ஏறியது, நின்றது, கீழே பார்த்தது, யாரும் கூப்பிடவில்லை. அதனால் அங்கேயே இருந்துவிட்டது.

கின்தானார் அரைமணி காத்திருந்தார். பிறகு விதிப்புத்தகத்தை எடுத்துப் பதினான்காம் விதியை உரக்கப் படித்தார்: ஏற்றியவை அனைத்தும் இறங்கி அணைந்தது உறுதியாகும்வரை தேர்வரும் தேர்வாளரும் வட்டத்தை விட்டு வெளியேறலாகாது. ஏழு நாற்பது பேருந்துக்கு எடுத்து வைத்திருந்த பயணச்சீட்டை அந்தப் பக்கத்தில் அடையாளமாக வைத்து மூடினார். ஒடிலியாவும் அவரும் வட்டத்துக்குள் இருந்தார்கள், மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள்.

மறுநாள் காலை ஒடிலியாவின் அக்கா கிளியோஃபாஸ், சந்தையில் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை விற்கிறவள், கயிற்றுக்கு வெளியே நின்று பேரம் பேசிப் பார்த்தாள். "எறங்கிடுச்சுன்னு ஒரு வரி எழுதிப் போட்டா என்ன கொறஞ்சுடுவீங்க? உங்களுக்கும் வீடு வாசல் இல்லையா?"

"மேல சுத்துதேம்மா," என்றார் கின்தானார், மேலே கை காட்டி.

"எழுத வேணாங்கா," என்றாள் ஒடிலியா. "பொய்க் கையெழுத்து வாங்கின அட்டையோட புனிதர் முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுட்டு நிப்பேன்?"

அன்று ஊரே கயிற்றைச் சுற்றி நின்று கன்னம் வலிக்க விசிலடித்தது. கிரீடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டது என்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் தீர்ப்புச் சொன்னவள் கிளியோஃபாஸ்தான். "வாய மூடச் சொன்னது யாரு? அந்த வாய்தான் கூப்பிடணும்." நியாயமாகப் பட்டது. ஆனால் கின்தானாருக்கு விசிலடிக்கத் தெரியாது. விசிலடித்தால் பிரம்படி கிடைக்கும் பள்ளிக்கூடத்தில் படித்தவர். இரண்டு விரலை வாயில் வைத்து முகம் சிவக்க ஊதுவார், வெறும் காற்று வரும். வடக்கு ஓரம் அவருக்கு ஒரு கூடாரம், தெற்கு ஓரம் அவளுக்கு ஒன்று என்று போட்டார்கள். தலைக்கவசமும் காதடைப்பும் இல்லாமல் வட்டத்துக்குள் யாரும் வரக் கூடாது என்றும் விதி இருந்ததால், ஊரில் வீட்டுக்கு ஒரு தலைக்கவசம் வாங்கினார்கள். பாதிரியார் மஞ்சள் கவசம் மாட்டிக்கொண்டு வந்து நற்கருணை கொடுத்தார். காதடைத்துக்கொண்டே பாவசங்கீர்த்தனம் கேட்டார், ஒடிலியாவுக்கு அது வசதியாகவும் இருந்தது.

பிப்ரவரி பிறந்தது, கிரீடம் இறங்கவில்லை. ரெமிகியோ திருவிழாவுக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டான் என்ற செய்தி வந்தது. கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஒடிலியா அழுதாள். எங்கள் ஊரில் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை, கொட்டகை போனபோதுகூட. பத்து விரலைத் திருப்பிக் கொடுத்தவரை ஏமாற்றப் போகிறோமே என்ற அழுகை அது. கின்தானாருக்கு அது வடக்கு ஓரம் வரை கேட்டது. அவர் விதிப்புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார். மூன்று நாள் படித்தார். நான்காம் நாள் காலை, சட்டையைச் சரிசெய்துகொண்டு, தெற்குக் கூடாரத்துக்கு வெளியே வந்து நின்று இருமினார்.

"ஒடிலியாம்மா, பதினேழாம் விதி. தேர்வு முடியற வரைக்கும், தேர்வாளர் கண் முன்னால, வட்டத்துக்குள்ள, தேர்வர் எதையும் பத்தவைக்கலாம். அட்டை வேணும்னு போடல."

"எதையும்னா?"

"அளவு சொல்லல. நானும் மூணு நாளா தேடிட்டேன்."

அந்த வருடம் கோபுரம் தேர்வு வட்டத்தின் நடுவில் எழுந்தது. ஊர்வலம் கோயிலைச் சுற்றாமல் தரிசுக்கு வந்தது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று கின்தானார் கயிற்றருகில் மறித்துச் சொன்னதால், இறை யோவானுக்கும் ஒரு தலைக்கவசம் மாட்டி, காதில் பஞ்சு வைத்து, பிறகுதான் உள்ளே தூக்கி வந்தார்கள். சூரியன் சாய்ந்த வேளையில் ஒடிலியா கை நீட்டித் திரியைப் பற்றவைத்தாள். சக்கரங்கள் சுற்றின, புதுக் கிரீடம் ஏறியது, ஊர் அடித்த விசிலில் நாய்கள் ஓடின, அது ஒழுங்காகச் சோளக்காட்டில் போய் விழுந்தது. பழையது மேலேயே இருந்தது. ஒடிலியா புனிதருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள், அவர் எண்ணிக்கொள்ளட்டும் என்று. ரெமிகியோ புதுச் சட்டையோடு கயிற்றுக்கு வெளியே நின்று, எல்லாரையும்விடச் சத்தமாக விசிலடித்தான். ஏழு விரல் என்றாலும் விசிலுக்கு இரண்டு போதும்.

அதன் பிறகு வருடங்கள் சுலபமாகப் போயின. ஒவ்வொரு மார்ச்சும் ஒடிலியா தேர்வராகவே கோபுரம் கட்டினாள், பக்கத்து ஊர்க்காரர்கள் அவள் வாணவேடிக்கைக்காகத் தங்கள் கல்யாணங்களை வட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். தலைநகர் அலுவலகம் மூன்றாம் வருடம் தேர்வு நிலவரம் கேட்டு எழுதியது. நடந்துகொண்டிருக்கிறது என்று கின்தானார் பதில் போட்டார், பொறுமைக்காக ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. ஏழு நாற்பது பேருந்தை எட்டாம் வருடம் நிறுத்திவிட்டார்கள். தரிசைச் சுற்றியிருந்த வீடுகளுக்கு விளக்குத் தேவைப்படவில்லை, கோழிகள் மட்டும் நேரங்கெட்ட நேரத்தில் முட்டையிட்டன. கூடாரங்களும் சும்மா இருக்கவில்லை. வடக்குக் காற்று அதிகம் என்று கின்தானார் தன்னுடையதை வருடத்துக்கு மூன்று எட்டு தெற்கே நகர்த்தினார். தெற்கே ஈரம் அதிகம் என்று ஒடிலியா மூன்று எட்டு வடக்கே நகர்த்தினாள். தமாலே கொண்டுபோகும் சாக்கில் கிளியோஃபாஸ் எட்டு வைத்து அளந்து வந்து சந்தையில் சொல்வாள். பதினைந்தாம் வருடம் இரண்டு கூடாரமும் ஒரே கயிற்றில் துணி காயப்போட்டன. அவர் விசில் பழகுவதை எப்போது நிறுத்தினார் என்று யாரும் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒடிலியா அடுப்பில் மொச்சையைக் கிளறிக்கொண்டிருந்தாள், கின்தானார் காப்பி வடிகட்டிக்கொண்டிருந்தார். வெயில் இதமாக இருந்தது. அவர் தன்னை மறந்து, உதட்டைக் குவித்து, சின்னதாக ஒரு மெட்டை விசிலடித்தார். சுருதி சுத்தமாக வந்தது. மேலே இரைச்சல் நின்றது. கிரீடம் ஒரு முறை ஆடி, மெதுவாக, அவசரமில்லாமல் இறங்கி வந்து, காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அணைந்தது.

தலைக்கவசத்தோடு தமாலே கொண்டுவந்திருந்த கிளியோஃபாஸ் கூடையைக் கீழே வைத்தாள். கின்தானார் விதிப்புத்தகத்தை எடுத்தார். பயணச்சீட்டு நழுவி விழுந்தது. தேர்வுத் தாளில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது: அனைத்தும் இறங்கியதா, ஆம், இல்லை. பேனாவைத் திறக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது.

"தேறிட்டீங்க, ஒடிலியாம்மா," என்றார். "அட்டை பத்து நாள்ல வந்துடும். கயித்த அவுத்துடலாம்."

அறுபது வயது ஒடிலியா கிரீடத்தைக் கையில் எடுத்தாள். சூடு இருந்தது. முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள், ஒன்றுகூடத் தளரவில்லை. கூடாரத்துக்குள் போய் நான்கு புதுக் குழாய் கொண்டுவந்து கட்டினாள். வட்டத்தின் நடுவில் ஒரு கம்பை நட்டு, அதில் கிரீடத்தை மாட்டினாள்.

"எஞ்சினியர் சார், பேனாவ கொஞ்சம் கீழ வைங்க."

"எறங்கிடுச்சே. நான் பொய் எழுத மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்."

"பொய்யா எழுதச் சொன்னேன்? நல்லாப் பாத்து எழுதுங்கன்னுதான சொல்றேன்."

கை நீட்டி, குனியாமல், விதிப்படி பற்றவைத்தாள். கிரீடம் சுழன்று ஏறியது. மணிக்கூண்டு உயரத்தில் நின்று, பச்சையும் பொன்னுமாகக் கீழே பார்த்தது. பழக்க தோஷத்தில் கிளியோஃபாஸின் இரண்டு விரல் வாய்க்குப் போனது.

"அக்கா, கைய எடு."

கின்தானார் உதட்டை இறுக மூடிக்கொண்டு மேலே பார்த்தார். எத்தனை நேரம் பார்த்தார் என்றால் மொச்சை அடிப்பிடித்துவிட்டது. பிறகு குனிந்து, தெளிவான கையெழுத்தில், இல்லை என்று எழுதினார்.

"ஒடிலியா," என்றார், அம்மா சேர்க்காமல். "காப்பி ஆறுது."

அந்த வாரம் வடக்குக் காற்றும் தெற்கு ஈரமும் இரண்டுமே பலமாக இருந்ததால், ஒரு கூடாரத்தை மடித்து வைத்துவிட்டார்கள்.