பூமாரியின் கோபம்

பூமாரிக்கு ஆளுமைக் கோளாறு என்று மருத்துவர் சொன்னபோது வயது இருபத்திரண்டு. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில், காருக்கு வயர்க்கட்டு செய்யும் கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். அதற்கு முந்தின வருஷம் மட்டும் கோபத்தில் மூன்று வேலைகளை உதறியிருந்தாள். யாராவது போனை எடுக்காவிட்டால்கூடக் கைவிட்டுவிட்டார்கள் என்று உடைந்துபோவாள்.

இரண்டரை வருஷம், வியாழக்கிழமைதோறும் லீவு போட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறிச் சிகிச்சைக்குப் போனாள். லீவுக்குக் காரணம் கேட்டவர்களிடம் உள்ளதைச் சொன்னாள். சிகிச்சை முடிந்து ஐந்து வருஷம் ஆகிறது. நடுவில் அப்பா இறந்த மாதம் பழையபடி சரிந்தாள். தானே மருத்துவருக்குப் போன் செய்து, நாலு தடவை போய்விட்டு வந்தாள். அதை அவள் தோல்வியாக நினைக்கவில்லை.

இந்தச் சித்திரையில் ஒரு பகல் ஷிஃப்ட். சோதனையில் சிவப்பு விளக்கு எரிந்து, தப்பென்று காட்டிய கட்டுகளையும் பெட்டியில் போடச் சொன்னார் சூப்பர்வைசர் வசந்தகுமார். லாரி காத்திருக்கிறதாம். சோதித்துக் கையெழுத்துப் போடவேண்டிய பூமாரி முடியாது என்றாள். லைன் முழுக்கக் கேட்கும்படி அவர் சொன்னார்:

"இன்னா பூமாரி, இன்னிக்கு மாத்திரை போடலியா?"

சிலர் சிரித்தார்கள். அவளுக்குக் காது அடைத்தது. கையிலிருந்த கட்டரை அவர்மேல் எறிந்துவிட்டு கேட்டைத் தாண்டி ஓடிவிடலாம்போல் இருந்தது. நோவின் வேகமானால் கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். கட்டரை மேஜைமேல் வைத்தாள். கால்களைத் தரையில் அழுத்தி நின்றாள். மூச்சு சீரான பிறகும் கோபம் போகவில்லை. அப்படியானால் இது நியாயமான கோபம்தான்.

லைனை நிறுத்தும் பட்டனை அழுத்தினாள்.

"எனக்கு நோவு இருந்துச்சு சார், மறைக்கல. வைத்தியமும் பாத்தேன். அதுக்காவ நான் கோவப்படுததெல்லாம் நோவாயிடாது. இந்த வயரு தப்பு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மேனேஜர் சசிரேகா வந்து பெட்டியைப் பிரித்துச் சோதித்தார். பதினாலு கட்டுகள் தப்பு. வசந்தகுமார் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் எழுதிக் கம்பெனியில் புகார் கொடுத்தாள் பூமாரி. அதே லைனில் வேலை செய்யும் அறைத் தோழி ஜோதி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். லைன் லீடர் பதவிக்கான பட்டியலில் உன் பேர் இருக்கும்போது இது எதற்கு, திரும்ப வாங்கிக்கொள் என்று சசிரேகா சொல்லிப் பார்த்தார். பூமாரி மறுத்துவிட்டாள். பதவி வேறொருவருக்குப் போனது.

அது தெரிந்த அன்று, இருங்காட்டுக்கோட்டையில் தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஜோதி பயந்துபோய் டாக்டருக்குப் போன் போடட்டுமா என்றாள்.

"வேண்டாம்ட்டி. வேணும்னா நானே போடுவேன். இது வெறும் அழுகதான்."

மறுநாள் முதல் ஷிஃப்டுக்குப் போனாள். புகார் விசாரணைக்கு இதுவரை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று தடவையும் போய், நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.