சக்கரத்தடியில் சுண்டைக்காய்

பேங்கில் விருப்ப ஓய்வு வாங்கிப் பசுபதிக்குக் காசு வந்ததில் எனக்கு வருத்தமில்லை. வந்த காசுக்கு அவன் பொம்மை ரயில் வாங்கியதுதான் வயிற்றெரிச்சல். வயது ஐம்பத்து நாலு, தலையில் முடி கிடையாது, ஆனையூரில் மாடி வீடு, ஒரே மகள் வெளிநாட்டில். அவள் படித்த அறையிலிருந்து கட்டிலையும் அலமாரியையும் வெளியே தள்ளிவிட்டு, சுவரோடு சுவராக பிளைவுட் பலகை அடித்து, அதன்மேல் வாடிப்பட்டி ஸ்டேஷனைக் கட்டப்போகிறானாம். இப்போதிருக்கிற வாடிப்பட்டி இல்லை. எண்பத்து மூன்றாம் வருடத்து வாடிப்பட்டி. போனில் கேட்டபோதே சிரித்துவிட்டேன். அவன் நான் சந்தோஷப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வாடிப்பட்டியில் அவன் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். என் அம்மா முனியாயி அடுத்தவர் வயலில் நாற்று நடுகிறவள். நானும் அவனும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் பிளாட்பாரத்தின் கடைசியில், எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாயடியில் உட்கார்ந்து, வருகிற போகிற எஞ்சின்களின் நம்பரை ஆளுக்கொரு நோட்டில் எழுதுவோம். இதை வைத்துக்கொண்டுதான் இப்போது ஊரெல்லாம், "நானும் ராஜபாண்டியும் ஒரே பைத்தியம்" என்று சொல்லித் திரிகிறான். ஒரே பைத்தியமாம்! அந்த வார்த்தைதான் எனக்கு ஆகாது. அவன் எழுதியது விளையாட்டுக்கு. நான் எதற்கு எழுதினேன் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இந்தத் தடவை நாலு பேர் முன்னால் சொல்லி, அவன் நினைப்பை உடைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

நான் மின்வாரியத்தில் உதவி செயற்பொறியாளர். "டேய் பாண்டி, வயரிங் மட்டும் நீ பாத்துக் குடுத்துருடா. எனக்கு கரண்டுன்னா பயம்" என்றான். பன்னிரண்டு வோல்ட்டுக்குப் பயப்படுகிற ஆள். போகாமல் இருந்திருக்கலாம். முகத்துக்காகப் போனேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், எட்டு மாதம், பசுமலையிலிருந்து ஆனையூருக்கு ஊரைக் குறுக்கே கடந்து.

"திட்டிக்கிட்டேதான் போறீங்க. ஆனா சனிக்கிழமையே சாலிடரிங் கம்பிய பையில எடுத்து வச்சிர்றீங்களே" என்பாள் என் மனைவி தமிழ்ச்செல்வி. அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு நக்கல்.

அங்கே நடந்த கூத்தைச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த மரங்களெல்லாம் பனி பெய்கிற ஊரில் நிற்கிற கூம்பு மரங்கள். வாடிப்பட்டியில் அதை எங்கே நடுவது? பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைப் பிய்த்து ஒட்டிப் புளியமரம் என்றான். தெர்மாகோலைச் செதுக்கிச் சிறுமலை என்றான். விரற்கடை அளவு ஆட்கள் ஐம்பது பேர் வந்திருந்தார்கள், எல்லோரும் கோட்டும் தொப்பியுமாக. அவன் மனைவி ஸ்யாமளா பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, நகப்பூச்சுக் குச்சியால் வெள்ளை தீட்டி அவர்களுக்கு வேட்டி கட்டிவிட்டாள். தொப்பியை என்ன செய்வது என்று தெரியவில்லை. "தலப்பாக்கட்டுன்னு வச்சுக்குவோம்ணே" என்றாள். சித்திரை மாத வெயிலில் வாடிப்பட்டி பிளாட்பாரத்தில் மட்டும் பதினாறு துரைமார் வேட்டி கட்டி நின்றார்கள். பசுபதி அதைப் பார்த்து, அப்படியே இருக்கு, அப்படியே இருக்கு என்று பூரித்தான். ஒரு சொறிநாய்கூட வைத்திருந்தான். அதற்குப் பெயரும் இருந்தது.

சிக்னல் கைகாட்டி மரம் மட்டும் தப்பான பக்கத்தில் இருந்தது. பிடுங்கி மாற்றி வைத்தேன். தப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான்.

திறப்பு விழா போன ஞாயிற்றுக்கிழமை. அவனோடு பேங்கில் வேலை பார்த்தவர்கள், தெருக்காரர்கள் என்று ஒரு பதினைந்து பேர். நான் பழைய நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, அதனால் எழுத்து இருக்கிற எதையும் தூக்கிப் போட மாட்டாள். ரேஷன் கார்டு, என் சர்டிபிகேட்டுகளோடு அதையும் தகரப்பெட்டியில் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தாள். பேச்சு வந்தால் ஆதாரம் வேண்டாமா?

புது வண்டி என்றால் பூஜை இல்லாமல் எடுக்கலாமா என்று ஸ்யாமளா கேட்டாள். எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம் கொண்டுவந்தால், பழம் எஞ்சினைவிடப் பெரிசு. கொஞ்ச நேரம் எல்லோரும் யோசித்தார்கள். அப்புறம் ஸ்யாமளா அடுக்களைக்குப் போய் நாலு சுண்டைக்காய் எடுத்துவந்து தண்டவாளத்தில் வைத்தாள். படித்தவர்கள், பேங்கில் மேனேஜராக இருந்தவர்கள், கை கூப்பி நின்றார்கள். பசுபதி கண்ட்ரோலர் குமிழைத் திருகினான். எஞ்சின் போய் முதல் சுண்டைக்காயில் முட்டி, ஒருக்களித்துப் படுத்துவிட்டது. சுண்டைக்காய்க்கு ஒரு கீறல்கூட இல்லை.

நான் சத்தமாகவே சிரித்தேன். பசுபதியும் சிரித்துக்கொண்டே எஞ்சினைத் தூக்கினான். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அதன் பக்கவாட்டைக் காட்டினான். வெள்ளை எழுத்தில் 4231 என்று எழுதியிருந்தது.

"இது ராஜபாண்டிக்காக நானே எழுதுனது. அவனுக்கு ரொம்பப் பிடிச்ச எஞ்சின். அவன் நோட்டுல இந்த நம்பருக்குத்தான் எப்பவும் டிக் போடுவான். சொன்னேன்ல, எங்களுக்குள்ள ஒரே பைத்தியம்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. பிடித்த எஞ்சினாம். என் அம்மாவின் உள்ளங்கையைச் சுட்ட எஞ்சின் அது.

"நிறுத்துடா" என்றேன். "நீ விளையாண்ட. நான் விளையாடல. கூட்ஸ் வண்டி கிராசிங்குக்கு நிக்கிறப்ப ஃபயர்மேன் நெருப்பக் கிளறித் தட்டுவாரு. பாதி எரிஞ்ச கரி கீழ விழும். அதத்தான் எங்கம்மா கூடையில பொறுக்குச்சு. டீக்கடையில குடுத்தாத்தான் அன்னைக்கு எங்க வீட்ல உலை. எல்லா எஞ்சினும் கரி போடாது. காலைல வடக்க போனது சாயங்காலம் திரும்பி வரும். எது போச்சுன்னு நான் எழுதி வச்சாத்தான், கூடையத் தூக்கிட்டு எப்ப வந்து நிக்கணும்னு அதுக்குத் தெரியும். டிக் போட்டது கரி போட்ட எஞ்சின்டா. 4231 எம்புட்டுப் போடும் தெரியுமா? ஆறுறதுக்குள்ள மத்தவுக அள்ளிருவாகன்னு வெறுங்கையால அள்ளி, கை வெந்து போச்சு. இந்தா நோட்டு. இம்புட்டுப் பெரிய ஊரக் கட்டிருக்க, சொறிநாய்க்கும் எடம் குடுத்திருக்க. கரி எங்கடா?"

நோட்டை அவன் முன்னால் வீசினேன். அது பிளாட்பாரத்தில் விழுந்து நாலு துரைமாரைச் சாய்த்தது. பேங்க்காரர்கள் அவரவர் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு நிறைவாக இருந்தது. நாற்பது வருடம் தொண்டையில் வைத்திருந்ததைத் துப்பிவிட்ட நிறைவு.

பசுபதி நோட்டை எடுத்தான். என் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் எடுத்தான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான்.

"கூடையோட அம்மா நிக்கிறதப் பாத்திருக்கேன்டா" என்றான் மெதுவாக. "எதுக்குன்னு கேக்கத் தோணல. தப்புதான்."

மன்னிப்புக் கேட்கட்டும், இன்னும் கேட்கட்டும் என்றிருந்தது. அவன் புரட்டிக்கொண்டே போனான். திடீரென்று கை நின்றது. இரண்டு பக்கம் பின்னால் போனான், மறுபடி முன்னால் வந்தான்.

"பாண்டி, இது டீசல்டா."

"என்னது?"

"6412, வைகை எக்ஸ்பிரஸ். 6398, வைகை. மறுநாளும் 6412. டீசல் எஞ்சின் கரி போடாதேடா." நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினான். "இந்தப் பக்கம் பூரா டீசல். அடுத்த பக்கமும். ஒண்ணுக்குக்கூட டிக் இல்ல. இங்க பாரு, 'ரெண்டு ஹாரன், டிரைவர் கை காட்டினார்'னு எழுதிக் கட்டம் போட்டு வச்சிருக்க. இது எந்த அடுப்புக்குடா எழுதுன?"

குத்திக்காட்டுகிற குரலில் கேட்டிருந்தால் பத்துப் பதில் வைத்திருந்தேன். அவன் பரீட்சை ரிசல்ட் கேட்டு நிற்கிறவன் மாதிரி கேட்டான். கண் கலங்கியிருந்தது.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். சிவப்பு மையில் கட்டம். சிவப்புப் பேனாவுக்கு யாரிடம் கெஞ்சினேனோ. அம்மா போனபிறகு எத்தனையோ தடவை இந்த நோட்டைத் திறந்திருக்கிறேன், டிக் போட்ட பக்கங்களை மட்டும். எனக்கும் ஒரு விளையாட்டு இருந்தது என்று ஒத்துக்கொண்டால் அம்மா கையிலிருந்த தழும்பு பொய்யாகிவிடும் என்று பயந்திருக்கிறேன் போல. வைகை வருகிற நேரத்துக்கு, கூடையைத் தூக்கிவிடச் சொல்லி அம்மா கூப்பிடக் கூப்பிட, காது கேட்காதவன் மாதிரி நின்றதெல்லாம் ஞாபகம் வந்தது. ஏச்சு வாங்கியதும் வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, வைகையைப் பார்க்க நின்ற அந்தப் பயலை இத்தனை வருடம் நானே பட்டினி போட்டிருக்கிறேன் என்று ஆத்திரமாக இருந்தது.

ஸ்யாமளா சாய்ந்து கிடந்த ஆட்களை ஒவ்வொருவராக நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"அந்த நம்பர அழிச்சிரவாடா?" என்றான் பசுபதி.

"வேணாம். இருக்கட்டும். தண்ணிக் குழாய்க்கு அடியில, தண்டவாளத்துக்கு நடுவுல கரி வேணும். நான் கொண்டாந்து போடுறேன். கூடையோட ஒரு பொம்பளை நிக்கணும். அதுக்குத் தொப்பி இருக்கக் கூடாது."

"சரிடா."

சுண்டைக்காய்களைப் பொறுக்கித் தூர எறிந்தேன். 4231-ஐ எடுத்துத் தண்டவாளத்தில் சரியாக உட்கார வைத்தேன். கண்ட்ரோலரை அவன் தானாகவே என் பக்கம் தள்ளினான். குமிழில் கை வைத்தேன், ஆனால் திருகவில்லை. இதைக் கேட்காமல் எனக்கு ஓடாது.

"டீசல் எப்படா வாங்குவ?" என்றேன்.